அற்பத்தனம்: சொல் விளக்கம்

கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, கை கழுவுமிடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம், "இவ்வளவு செலவு பண்ணி என்ன, ரசத்துல உப்பே இல்ல" என்பார் ஒருவர். மொய் எழுதினாரா என்பது வேறு கதை. வீட்டுக்கு வந்ததும் அவரைச் "சரியான அல்பம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

அல்பம் வடசொல். சிறிய, கொஞ்சமான என்பதுதான் அடிப்படைப் பொருள். கல்பனா கற்பனையானதுபோல, சில்பம் சிற்பமானதுபோல, இதுவும் லகரம் றகரமாகி அற்பம் ஆயிற்று. வெறும் அளவைக் குறிக்கும் பழைய பொருள் இன்னும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அற்பாயுள் என்றால் குறைந்த ஆயுள். அதில் யாருடைய குணத்தையும் பழிக்கவில்லை. அகராதியில் அற்பசங்கை என்று ஒன்று உண்டு. சிறுநீர் கழிப்பதற்கு நாசூக்கான பெயர்! அளவில் சிறியதைச் சொன்ன சொல், மதிப்பில் சிறியதற்கு வந்து, அப்புறம் மனம் சிறுத்தவனுக்கும் பெயராகிவிட்டது. அர்த்தராத்திரியில் குடை பிடிக்கும் அற்பனைப் பழமொழியில் எல்லாருக்கும் தெரியும்.

இதைக் கஞ்சத்தனத்தோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. கஞ்சனுக்குத் தன் காசு போகக்கூடாது, அவ்வளவுதான். அற்பனுக்கோ அடுத்தவனுக்கு வந்தது உறுத்தும். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர்களில் பழகத் தங்கமானவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? சிலர் கயமை என்கிறார்கள். குறளில் 108ஆம் அதிகாரமே அதுதான். பார்க்க மனிதரைப் போலவே இருப்பார்கள் என்று தொடங்கிக் கயவரை வள்ளுவர் விளாசுகிறார். ரசத்தைக் குறை சொன்னவருக்கு அவ்வளவு வேண்டாம். ஈனத்தனமும் வடசொல்லிலிருந்து வந்ததுதான்.

பொருத்தமான சொல் சிறுமை. 98ஆம் அதிகாரத்தில் பெருமைக்கு எதிராக அதைத்தான் நிறுத்துகிறார்:

அற்றம் மறைக்கும் பெருமை சிறுமைதான்
குற்றமே கூறி விடும். (980)

பெரிய மனம் பிறர் குறையை மூடி மறைக்கும். சிறிய மனம் குற்றத்தை மட்டுமே எடுத்துச் சொல்லும். பந்தியில் பார்த்தவர் இவரேதான்.

ஒரு சிக்கல். இன்று சிறுமை என்றதும் 'சிறுமைப்படுத்துதல்', அதாவது அவமானப்படுத்துவதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதனால் எழுத்தில் சிறுமதி, சிறுமைக்குணம் என்று எழுதினால் குழப்பமில்லை. பேச்சுக்குப் புதிதாக எதையும் தேட வேண்டாம். "அவருக்குக் கொஞ்சம் சின்னபுத்தி" என்று பாட்டிகள் சொல்லிவந்ததே போதும்.