ஆட்டோட்ரோஃப்: தற்சார்பு உயிரியா, தன்னூட்டியா?

உயிரியலில் 'ஆட்டோட்ரோஃப்' என்று வரும் இடத்தில் தமிழில் ஒருவர் தற்சார்பு உயிரி என்கிறார், இன்னொருவர் தன்னூட்ட உயிரி என்கிறார், இலங்கைப் பாடநூலைப் பிரித்தால் தற்போசணி என்று இருக்கிறது. மூன்றும் ஒன்றைத்தான் குறிக்கின்றன. தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும் உயிர்: செடி கொடி மரம், பாசி, சில வகை பாக்டீரியா. ஆனால் சொல் என்ற அளவில் மூன்றும் ஒரே தரம் இல்லை. நடுவில் உள்ளதைச் சுருக்கித் தன்னூட்டி என்று சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

மூலம் கிரேக்கம். 'ஆட்டோஸ்' என்றால் தான், 'ட்ரோஃபே' என்றால் ஊட்டம். இந்த இரண்டாவதன் வினைச்சொல்லுக்குப் பாலை உறையவைப்பது, கெட்டியாக்குவது என்றும் ஒரு பழைய பொருள் உண்டு; ஊட்டி வளர்ப்பது என்பது பரவலான பொருள். ஆக, இது உண்பதைச் சொல்லும் சொல் இல்லை, உண்ணவைப்பதைச் சொல்வது. தமிழில் இதற்கு நேரான ஜோடி தயாராகவே இருக்கிறது: காண் – காட்டு போல உண் – ஊட்டு, ஊட்டு என்பதிலிருந்து ஊட்டம்.

இதை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் 'உண்ணி' போட்டால் வம்புதான். தன்னுண்ணி என்றால் தன்னையே தின்கிறது என்று ஆகிவிடும், அதுவும் உயிரியலில் நிஜமாகவே நடக்கும் வேறொரு வேலை, பெயர் ஆட்டோஃபேஜி, செல் தன் சொந்தப் பாகங்களையே சிதைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்வது, அதை ஆராய்ந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. தாவர உண்ணி, ஊனுண்ணி, அனைத்துண்ணி ஆகியவற்றின் மூலம் வேறு. அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் 'விழுங்கு' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தவை, அங்கே உண்ணி கச்சிதம்.

சரி, தற்சார்பு என்பதில் என்ன குறை? செடி எதையும் சாராமல் வாழ்வது போன்ற ஓர் எண்ணத்தை அது கொடுக்கிறது. வெளிச்சம் வேண்டும், காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வேண்டும், வேர் வழியாகத் தண்ணீரும் உப்புகளும் வேண்டும், பெரும்பாலான செடிகளுக்கு அந்த வேரில் பூஞ்சையின் துணையும் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், 1892இல் ஆட்டோட்ரோஃப் என்ற சொல்லை உருவாக்கிய ஜெர்மன் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு ஃபிராங்க்தான், வேரும் பூஞ்சையும் பின்னிக் கிடக்கும் அந்த உறவுக்கு 1885இலேயே 'மைக்கோரைசா' (பூஞ்சை வேர்) என்று பெயர் வைத்தவர்.

இந்தச் சொல் உண்மையில் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: உடலைக் கட்டும் கார்பன் எங்கிருந்து வருகிறது? கார்பன் டை ஆக்சைடிலிருந்து தானே எடுத்துக்கொண்டால் தன்னூட்டி. வேறோர் உயிர் கட்டிவைத்ததை எடுத்தால் ஹெட்டரோட்ரோஃப், அதாவது பிறவூட்டி ('ஹெட்டரோஸ்' என்றால் மற்றது, இலங்கையில் பிறபோசணி). ஆற்றல் எங்கிருந்து என்பது தனிக் கேள்வி, அதற்கு முன்னொட்டாக ஒளி அல்லது வேதி சேரும். புல் ஓர் ஒளித் தன்னூட்டி. நாம் வேதிப் பிறவூட்டிகள், கேட்க நன்றாக இல்லைதான்.

வேதித் தன்னூட்டிக்கு நல்ல உதாரணம் கடலின் அடியில் இருக்கிறது. 1977இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டார்கள், சூரிய ஒளி எட்டிப்பார்க்காத அந்த இடத்தில் ஆள் உயரத்துக்கும் மேல் வளரும் குழாய்ப் புழுக்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. வளர்ந்த புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை ஆக்சிஜனோடு வினைபுரியவைத்து, அதில் வரும் ஆற்றலைக் கொண்டு உணவு தயாரித்துப் புழுவுக்குக் கொடுக்கின்றன. தன்னூட்டி அந்த பாக்டீரியாதான், புழு அல்ல. அந்த ஆக்சிஜனும் மேலே ஒளிச்சேர்க்கையில் உண்டானது, அதனால் சூரியனை அடியோடு மறந்துவிடவும் முடியாது.

பிறவூட்டிகளில் ஒட்டுண்ணி எல்லாருக்கும் தெரிந்த சொல். சாறுண்ணி மட்டும் கொஞ்சம் இடிக்கும். இறந்து அழுகும் பொருளில் வளரும் பூஞ்சை போன்றவற்றுக்கான பெயர் அது, இலங்கையில் அழுகல்வளரி. பூஞ்சை நொதிகளை வெளியே சுரந்து, செரித்துக் கரைந்ததை உறிஞ்சிக்கொள்வதால் 'சாறு' பொருத்தம்தான், ஆனால் செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் கூடவே நினைவுக்கு வந்துவிடுகிறது. எனக்கு மட்குண்ணி தேவலை.

அப்புறம், 'ட்ரோஃபிக் லெவல்'. உணவுச் சங்கிலியில் ஓர் உயிர் நிற்கும் படி, அதாவது ஊட்ட நிலை, இலங்கை வழக்கில் போசணை மட்டம். ரேமண்ட் லிண்டெமன் என்ற இளைஞர் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு சிறு ஏரியை ஆராய்ந்து, ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு ஆற்றல் போகிறது என்று கணக்குப் போட்டார். 1942இல் கட்டுரை அச்சாகும் முன்பே, 26 வயதில் இறந்துபோனார். சுமார் 10 விழுக்காடுதான் மேலே போகும் என்று இன்று பாடநூல்களில் உள்ள விதி அவர் வேலையிலிருந்து கிளைத்தது. புல்லில் 10,000 கலோரி என்றால் வெட்டுக்கிளியில் 1,000, தவளையில் 100, பாம்பில் 10. மீதி மூச்சில் வெப்பமாகவும் செரிக்காத கழிவாகவும் போய்விடும். இடத்துக்கு இடம் இந்த விழுக்காடு கூடும் குறையும், கல்வெட்டு இல்லை.

கடைசியாக ஒரு சிக்கல் பேர்வழி: டிரோசிரா. இலையில் பசை வைத்துப் பூச்சி பிடிக்கும் செடி, பூச்சியுண்ணித் தாவரம் என்பதால் பிறவூட்டி என்று சட்டென எழுதிவிடுவார்கள். அது பூச்சியிடம் முக்கியமாகத் தேடுவது நைட்ரஜன், வளரும் மண்ணில் அது பற்றாக்குறை. கார்பனைப் பெரும்பாலும் பச்சை இலை வழியாகக் காற்றிலிருந்துதான் எடுக்கிறது. ஆகவே உண்பதில் பூச்சியுண்ணி, ஊட்டத்தில் தன்னூட்டி. இலையும் பச்சையமும் கிட்டத்தட்ட இல்லாமல் அடுத்த செடிமேல் மஞ்சள் கொடியாகச் சுற்றிக்கொண்டு உறிஞ்சும் கஸ்குட்டாதான், செடியாக இருந்தும் பிறவூட்டி.