எட்டு நாள் பொறுத்திருக்கலாம், தம்பி

நான் வழக்கறிஞர். போன வாரம் சிறைக்கு மனு பார்க்க, அதாவது கைதியைச் சந்திக்க, போனபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற பையனுக்கு வயது 19. மருத்துவமனைச் சுற்றுச்சுவரில் பதித்திருந்த கண்ணாடிச் சில்லு முழங்கையைக் கிழித்து ஐந்து தையல் போட்டிருந்தார்கள். இருசக்கர வாகனத் திருட்டு வழக்கு. வண்டியை எடுத்தவன் வேறொருவன். இவன் பின்னால் உட்கார்ந்து போனவன். ரிமாண்ட் ஆகி, அதாவது நீதிமன்றக் காவலில் அடைக்கப்பட்டு, 52ஆவது நாள், வயிற்றுவலிக்கு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். வழிக்காவலுக்கு வந்த போலீஸார் சீட்டு வாங்கும் வரிசையில் நின்ற நேரம் பார்த்துச் சுவரேறிக் குதித்துவிட்டான். மூன்றாம் நாள் இரவு தாய்மாமன் வீட்டில் பிடிபட்டான்.

“இரண்டு நாள் கண்ணில் படாமல் இருந்தால் தேடுவதை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன், சார்” என்றான். சொல்லிக்கொண்டே திண்டின் மேல் விரலால் ஒரு வட்டம் போட்டான். அந்த வட்டத்துக்கு வெளியே போய்விட்டால் போதுமாம்.

அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2013இல் வெளிவந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ வீடியோ விளையாட்டில் போலீஸ் துரத்தும்போது திரையின் மூலையில் நட்சத்திரங்கள் தோன்றும். பார்வையில் படாமல் கொஞ்ச நேரம் ஒளிந்திருந்தால் அவை மினுங்கி அணைந்துவிடும். அதன் பிறகு அதே தெருவில், அதே போலீஸ்காரர் எதிரில் நிம்மதியாக நடக்கலாம். இந்தக் கணக்கைப் போட்டு ஓடி, என்னிடம் வந்து சேர்ந்த பையன்களில் இந்த ஆண்டு இவன் மூன்றாவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

விளையாட்டு ஆடியதால் ஓடினான் என்று நான் சொல்லவில்லை. அவன் ஓடியது பயத்தில். உள்ளே இருந்த பெரிய ஆட்கள் மிரட்டியிருக்கிறார்கள். வீட்டிலிருந்து மூன்று வாரமாக யாரும் வந்து பார்க்கவில்லை. ஆனால் ஓடினால் பிறகு என்ன ஆகும் என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவை அந்த விளையாட்டுகள் மட்டுமே. பள்ளிக்கூடமோ பெற்றோரோ சொல்லித் தரவில்லை. வழக்கறிஞர்களான நாங்களும் வக்காலத்தில் கையெழுத்து வாங்குவதோடு நின்றுவிடுகிறோம்.

என் மகனோடு உட்கார்ந்து இந்த விளையாட்டுகள் சிலவற்றைப் பார்த்தேன். கதை எழுதுகிறவர்களுக்குச் சிறை எவ்வளவு வசதியான இடம் என்பது புரிந்தது. ஓர் அறை, ஒரு கதவு, ஒரே குறிக்கோள். நடக்கவும் குதிக்கவும் கற்றுக்கொடுக்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 2006இல் வந்த ‘ஆப்ளிவியன்’ சிறை அறையில்தான் தொடங்குகிறது. பேரரசரே தப்பிப்போக அந்த அறைக்குள் வருகிறார். சுவரில் ரகசிய வழி திறக்கிறது. நாம் என்ன குற்றத்துக்காக உள்ளே இருந்தோம் என்பதைக் கதை சொல்வதே இல்லை. 2015இல் வந்த ‘தி எஸ்கேப்பிஸ்ட்ஸ்’ இன்னும் நுணுக்கமானது. காலைக் கணக்கெடுப்பு, சாப்பாடு, வேலை என்று சிறையின் அன்றாடத்தை அழகாகக் காட்டுகிறது. பிடிபட்டால் தனியறையும் கைப்பற்றப்பட்ட பொருட்களும்தான் நஷ்டம், மறுபடியும் முயலலாம். எல்லைக்கு வெளியே கால் வைத்தால் வெற்றி, ஆட்டம் முடிந்தது.

என்னை அதிகம் வருத்துவது 2012இல் வந்த ‘டிஸ்ஹானர்ட்’ மாதிரியான கதை. மகாராணியைக் கொன்றதாகப் பொய்ப்பழி சுமந்த மெய்க்காவலன், மரண தண்டனைக்குச் சற்று முன் சிறையிலிருந்து தப்பி, வெளியே வந்து உண்மையான சதிகாரர்களைத் தேடுகிறான். கதை என்ற அளவில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் “நான் தப்பு செய்யவில்லை, அதனால்தான் ஓடினேன்” என்று மூன்று பையன்களும் என்னிடம் சொன்னார்கள். நிரபராதிக்கு ஓட உரிமை உண்டு, வெளியே போனால் நிரூபித்துக்கொள்ளலாம் என்று மனதார நம்புகிறார்கள்.

தம்பிகளே, ஓடினால் அதிகம் இழப்பவன் நிரபராதிதான். குற்றம் செய்தவனிடம் கெடுப்பதற்கு நல்ல வழக்கு இல்லை. உன்னிடம் இருக்கிறது, அதை நீயே கெடுத்துக்கொள்கிறாய். சம்பவத்துக்குப் பிந்தைய நடத்தையையும் சாட்சியச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். தலைமறைவானதை மட்டும் வைத்துக் குற்றவாளி என்று முடிவு செய்ய முடியாது, பயந்தும் ஓடியிருக்கலாம் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருப்பது உண்மை. ஆனால் அதை விளக்கும் வேலை இனி நம் தலையில். நீதிமன்றக் கூண்டில் நின்று லாவகமாகப் பேசுவதால் மட்டும் அது முடிந்துவிடாது. தப்பியதே தனிக்குற்றம்: புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 262ஆவது பிரிவு, இரண்டு ஆண்டு வரை சிறை. முதல் வழக்கின் தண்டனையோடு இது கூடுதலாகச் சேரும். திருட்டு வழக்கில் நீ விடுதலையானாலும் இந்த வழக்கு தனியாக நிற்கும்.

இந்தப் பையன் விஷயத்துக்கே வருகிறேன். இந்த மாதிரி வழக்கில் 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது கைதியின் உரிமை. அன்றுவரை தாக்கலாகவில்லை, ஜாமீன் மனுவைத் தட்டச்சு செய்து மேசையில் வைத்திருந்தேன். எட்டு நாள்தான் பாக்கி. இப்போது அந்த வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும், புதிய வழக்கின் ரிமாண்டில் உள்ளேயேதான் இருப்பான். இன்னொரு வாசலும் அடைபட்டது. இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை விசாரணைக் கைதியாகக் கழித்துவிட்டால் விடுவிக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆவது பிரிவு சொல்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. சுவரேறிக் குதித்த அன்று அவன் தனக்குத் தானே இரண்டாவது வழக்கைத் தேடிக்கொண்டான்.

அவன் மாமா? சோறு போட்டு, உடுத்த வேட்டி கொடுத்து, ஐநூறு ரூபாயும் கொடுத்தார். காவலிலிருந்து தப்பியவன் என்று தெரிந்தே, பிடிபடாமல் இருக்கட்டும் என்று இடமோ உணவோ பணமோ கொடுத்தால் அது அடைக்கலம் கொடுத்த குற்றம். கணவனுக்கும் மனைவிக்கும் மட்டும்தான் விலக்கு. பெற்ற தாய்க்குக்கூட இல்லை. மாமா இப்போது முன்ஜாமீனுக்கு அலைகிறார்.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். பையன் உள்ளே போனால் வெட்கப்பட்டு ஒதுங்காதீர்கள். வாரம் ஒருமுறையாவது மனுப் போட்டு அவனை நேரில் பாருங்கள். எத்தனையாவது நாள், எந்தத் தேதியில் என்ன மனு என்று வழக்கறிஞரிடம் கேட்டு அவனிடம் சொல்லுங்கள். நாள் எண்ணத் தெரிந்தவன் பெரும்பாலும் ஓடமாட்டான். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் 15100க்கு அழையுங்கள். காவலில் இருக்கும் எவருக்கும் இலவச சட்ட உதவி கிடைக்கும். தப்பி வந்து கதவைத் தட்டினால், சோறு போடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாப்பிட வையுங்கள், அதே இரவில் வழக்கறிஞரோடு கூட்டிப்போய் ஒப்படையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

உள்ளே இருக்கும் தம்பிக்கு: அடியோ மிரட்டலோ வலியோ எதுவானாலும், ரிமாண்ட் நீட்டிப்புக்கு நீதிபதி முன் நிறுத்தும்போது வாய் திறந்து சொல். தலையைக் குனிந்துகொண்டு நின்றால் அடுத்த 15 நாளும் அதே அறைதான்.

கைவிலங்கு போடுவதை வழக்கமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980இலேயே கண்டித்தது. ஆனால் காவலிலிருந்து தப்பியவருக்கு விலங்கிடலாம் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் அனுமதிக்கிறது. நேற்று அவனை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். தையல் பிரிக்காத கையிலும் விலங்கு இருந்தது. வராந்தாவில் நின்ற அவன் அம்மா பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவந்த எலுமிச்சைச் சோற்றைக் கொடுக்கலாமா, அதற்கும் வழக்கு வருமா என்று என்னிடம் கேட்டார். வராது அம்மா, அனுமதி வாங்கித் தருகிறேன் என்றேன்.