நெல்லை அவிக்கும்போது தயமின் (வைட்டமின் பி1) எங்கே போகிறது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி நோய் கூட்டங்கூட்டமாகக் காவு கொண்டது. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் செயலிழக்கும். அதே நாட்டில் தோட்ட வேலைக்குச் சென்றிருந்த தமிழர்களை இந்நோய் அவ்வளவாக அண்டவில்லை. இரு சாராருக்கும் சோறுதான் உணவு என்றாலும், சீனர்கள் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது ஊரில் பழகிய புழுங்கல் அரிசி. அங்கு பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து, பச்சரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று வாதிட்டார். அவர் அரிசியைச் சந்தேகித்தது சரி. நஞ்சைச் சந்தேகித்ததுதான் தவறு.

வில்லியம் பிளெட்சர் என்ற மற்றொரு மருத்துவர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இதைச் சோதித்துப் பார்த்தார். உணவுக் கொட்டகையில் நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து எண்ணச் சொல்லி, ஒற்றைப்படை எண் வந்தவர்களை ஒரு கட்டடத்திலும் இரட்டைப்படை எண் வந்தவர்களை எதிரிலிருந்த அதேபோன்ற கட்டடத்திலும் தங்கவைத்தார். முதல் பிரிவினருக்குப் பச்சரிசிச் சோறு, இரண்டாம் பிரிவினருக்குப் புழுங்கல் அரிசிச் சோறு. மற்ற உணவெல்லாம் ஒன்றே. பச்சரிசி உண்ட 120 பேரில் கால்பங்குக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டு 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் நோய் கண்டவர்கள் இருவர்தாம்; அவர்களும் நோயுடனேயே வந்து சேர்ந்தவர்கள். 1907இல் வெளியான இந்தச் சோதனையை, தம் சம்மதத்தைத் தெரிவிக்க இயலாத மனிதர்கள்மீது இன்று எவரும் நடத்த முடியாது, நடத்தவும் கூடாது.

நஞ்சு சேர்வதால் அன்று, தேவையான ஏதோ ஒன்று குறைவதாலேயே நோய் வருகிறது என்பதை ஜாவாவில் ஆய்வு செய்த கெரிட் கிரைன்ஸ் 1901ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தார். அந்தப் பொருளை 1926இல் தவிட்டிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அதுவே தயமின் எனப்படும் வைட்டமின் பி1.

நெல்லின் உமிக்குள் தவிட்டு அடுக்கும், ஒரு முனையில் முளைக்கருவும், நடுவே மாவுப்பகுதியும் இருக்கின்றன. தயமினில் பெரும்பங்கு தவிட்டிலும் முளையிலும்தான் உள்ளது. தீட்டாத அரிசியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 0.4 மில்லிகிராம் இருக்கும் தயமின், பச்சரிசியாக வெண்மையாகத் தீட்டியபின் 0.1 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தீட்டுவதற்கு முன் நெல்லை ஊறவைத்து அவித்துவிட்டால் கதை வேறு. தயமின் நீரில் கரையக்கூடியது. ஆதலால் ஊறும் நெல்லுக்குள் இறங்கும் நீருடன் அதுவும் தவிட்டிலிருந்து மாவுப்பகுதிக்குள் செல்கிறது. ஆவியில் உமி இலேசாக வாய் பிளக்கும் நேரத்தில், உள்ளிருக்கும் மாவு கூழாகி இறுகி, வந்து சேர்ந்த தயமினைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. வெப்பத்தில் ஒரு பகுதி அழிந்தாலும், பின்னர் ஆலை தவிட்டை உரிக்கும்போது பச்சரிசியில் எஞ்சுவதைவிட இரண்டு மூன்று மடங்கு தயமின் அரிசிக்குள் தங்கிவிடுகிறது. எளிதில் உமி நீங்கவும் குருணை குறையவும் நெல் அவித்தவர்களுக்கு இந்த ஆதாயம் கேளாமலே கிடைத்தது.

சோற்றிலுள்ள மாவுச்சத்து குளுகோசாகி, பின்னர் பைருவேட் என்ற பொருளாக மாறுகிறது. அதிலிருந்து முழு ஆற்றலையும் எடுக்கும் நொதி, தயமின் இல்லாமல் இயங்காது. எந்நேரமும் ஆற்றல் வேண்டி நிற்கும் நரம்பும் இதயமும் முதலில் தளர்வது இதனால்தான். மாவுச்சத்தை எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு தயமினும் தேவைப்படும். தீட்டிய பச்சரிசியோ மாவுச்சத்தை முழுதாகக் கொடுத்துவிட்டு, அதை எரிக்கத் தேவையானதை ஆலையிலேயே விட்டுவருகிறது. உடலின் மொத்தக் கையிருப்பு 30 மில்லிகிராம் அளவே என்பதால், இரண்டு மூன்று வாரப் பற்றாக்குறையையே அது தாங்கும்.

இதை வைத்துக்கொண்டு புழுங்கல் அரிசி எல்லா நோய்க்கும் மருந்து என்று சொல்லிவிட முடியாது. தவிட்டோடு போன நார்ச்சத்து அவிப்பதால் திரும்பி வருவதில்லை. அரிசியைப் பலமுறை களைந்து, கஞ்சியை வடித்துக் கொட்டினால் தயமினும் நீரோடு போய்விடும். பெரிபெரி அரிதாகிவிட்ட இன்று நம்மைத் துரத்துவது நீரிழிவு. சென்னை நகரவாசிகளிடையே நடந்த ஓர் ஆய்வில், அவர்கள் பெறும் கலோரியில் ஏறத்தாழப் பாதி, தீட்டிய தானியங்களிலிருந்தே வருவது தெரிந்தது. அவற்றை மிகுதியாக உண்டவர்களிடம் நீரிழிவும் மிகுந்திருந்தது. இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிறுவாது. அவித்த நெல்லின் அரிசி சற்று மெதுவாகச் செரிப்பதுண்டு. ஆனால் எவ்வளவு மெதுவாக என்பது நெல்லின் ரகத்தையும் அவித்த முறையையும் பொறுத்தது. தட்டில் குவித்த சோற்றின் அளவு குறையாமல் அந்த வேறுபாட்டை மட்டும் நம்பினால் பலன் சொற்பமே.