கடைசி இரண்டு பொருள்கள்

தூசி படிந்த பழைய மாளிகை அறை. சுவர் முழுக்கப் படங்கள், தரை முழுக்கத் தட்டுமுட்டுச் சாமான்கள். திரையின் அடியில் ஒரு பட்டியல்: சாவி, வண்ணத்துப்பூச்சி, குடை, கோடரி, கடிகாரம் என்று பன்னிரண்டு பெயர்கள். பொருளைத் தேடிப்பிடித்துக் கிளிக் செய்தால் பெயர் அழியும். ஆட்டமே அவ்வளவுதான். சுட வேண்டாம், ஓட வேண்டாம், செத்துப்போகவும் மாட்டோம். சொல்லிக் கேட்டால் சப்பென்று இருக்கும் இந்த 'ஹிட்டன் ஆப்ஜெக்ட்' ஆட்டங்கள், சியாட்டிலின் பிக் ஃபிஷ் கேம்ஸ் 2005-ல் 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்' என்பதை வெளியிட்ட பிறகு தனி வகையாகவே வேரூன்றிவிட்டன. போலந்தில் ஆர்டிஃபெக்ஸ் முன்டி, பெர்லினில் வூகா என்று இதில் பெயரெடுத்த நிறுவனங்கள் உண்டு.

கண் எதிரே இருக்கும் சாவி ஏன் தெரிவதில்லை? உண்மையில் நாம் திரை முழுவதையும் பார்ப்பதே இல்லை. விழித்திரையின் நடுவிலுள்ள சின்னக் குழியில் விழும் பகுதி மட்டும்தான் துல்லியமாகத் தெரியும். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான் அந்தப் பரப்பு. மீதியை நிரப்ப, கண் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவிக்கொண்டே இருக்கிறது. ஓரப்பார்வை மங்கலானது என்பதோடு பிரச்சினை முடிவதில்லை. அங்கே பொருள்கள் நெருக்கமாக இருந்தால், ஒன்றின் கோடு இன்னொன்றோடு கலந்து குழம்பிவிடும். தனியாகக் கிடந்தால் ஓரக்கண்ணிலேயே பிடிபடக்கூடிய சாவி, குவியலுக்குள் கிடந்தால் காணாமல் போகிறது. ஓவியர்கள் சாமான்களை இப்படிக் குவித்துவைப்பது அறையை அழகாக்க அல்ல.

உளவியலாளர்கள் ஆன் டிரீஸ்மனும் கேரி கெலடும் 1980-ல் இதன் அடுத்த கட்டத்தை விளக்கினார்கள். பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தால், புள்ளிகள் பத்தோ நூறோ, கண்ணில் உடனே குத்தும். ஆனால் நிறம், வடிவம் இரண்டையும் சேர்த்துத்தான் அடையாளம் காண முடியும் என்றால், கூடுதலாக வரும் ஒவ்வொரு பொருளுக்கும் நேரம் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் ஆட்டத்தில் வண்ணத்துப்பூச்சி மரச்சுவரின் பழுப்பிலேயே ஒட்டிக்கிடக்கும். கோடரியின் கைப்பிடி நாற்காலிக் காலாக நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த ஏமாற்று அளவை மாற்றுவது. கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் மிகெல் எக்ஸ்டைன் குழு 2017-ல் ஒரு சோதனை வெளியிட்டது. குளியலறைப் படத்தில் பல் துலக்கும் பிரஷைத் தேடச் சொன்னால், வழக்கமான அளவில் இருக்கும் பிரஷை மனிதர்கள் எளிதில் பிடிக்கிறார்கள். அதே படத்தில் கிடக்கும் ராட்சத பிரஷை அடிக்கடி தவறவிடுகிறார்கள். கணினியின் நரம்பு வலைப்பின்னல் நிரல்களுக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை. பிரஷ் என்றால் இவ்வளவு பெரிதாக இருக்கும், வாஷ்பேசின் பக்கத்தில் இருக்கும் என்று மூளை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. அன்றாட வாழ்க்கையில் இது அருமையான குறுக்குவழி. அந்த மாளிகை அறையில் அதே குறுக்குவழி நம் காலை வாருகிறது.

சரி, பட்டியலுக்கு வருவோம். ஒரே சமயத்தில் பன்னிரண்டு பொருள்களைத் தேடுவது பெரும் சுமை போலத் தோன்றும். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் ஜெரமி உல்ஃப் 2012-ல் ஆட்களிடம் நூறு பொருள்கள் வரை மனப்பாடம் செய்யச் சொல்லி, அவற்றில் ஏதாவது ஒன்று திரையில் இருக்கிறதா என்று தேடவைத்தார். மனதிலுள்ள பட்டியல் இரண்டு மடங்கானால், நேரம் இரண்டு மடங்காகவில்லை. ஒரு சிறிய, மாறாத அளவுதான் கூடியது. இரண்டிலிருந்து நாலுக்குப் போக எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் ஐம்பதிலிருந்து நூறுக்கும். ஆக பட்டியல் நீளம் நம்மைக் களைப்பாக்குவதில்லை, எந்நேரமும் ஏதாவது ஒன்று அகப்படும் வாய்ப்பைத்தான் கூட்டுகிறது. படமாகக் காட்டாமல் எழுத்தில் பெயரை மட்டும் தருவதும் கணக்குப் போட்டுச் செய்ததுதான். படத்தைக் காட்டிவிட்டுத் தேடச் சொன்னால் ஆட்கள் வேகமாகக் கண்டுபிடிப்பதைச் சோதனைகள் காட்டுகின்றன. 'சாவி' என்று மட்டும் சொன்னால் எந்தச் சாவி என்று யாருக்குத் தெரியும்?

இதே விளையாட்டைப் பறவைகளும் ஆடியிருக்கின்றன. அலெக்சாண்ட்ரா பியட்ரெவிச்சும் ஆலன் காமிலும் 1979-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க நீல ஜே பறவைகளுக்கு மரப்பட்டைப் படங்கள் காட்டப்பட்டன. பட்டையின் நிறத்திலேயே ஒட்டியிருக்கும் அந்துப்பூச்சியைக் கண்டு கொத்தினால் தீனி. ஒரே வகைப் பூச்சி தொடர்ந்து வந்தபோது பறவைகள் போகப்போகத் தேறின. இரண்டு வகைகளைக் கலந்து காட்டியபோது தேறவில்லை. ஒரு 'தேடல் பிம்பம்' மனதில் ஊன்றிவிட்டால் கண் தானாகவே அதைப் பொறுக்கத் தொடங்கும். ஆட்டத்தில் சில காட்சிகள் 'பத்து இறகுகளைக் கண்டுபிடி' என்று கேட்கும். முதல் இறகுக்கு முழி பிதுங்கும்; அப்புறம் எல்லா மூலையிலிருந்தும் இறகாக எட்டிப் பார்க்கும்.

என் பார்வையில் இந்த ஆட்டங்களின் உயிர்நாடி பட்டியலின் கடைசி இரண்டு பொருள்கள்தான். இரை தேடும் விலங்கு ஒரு புதரை எப்போது விட்டுப் போகும் என்று சூழலியலாளர் எரிக் சார்னோவ் 1976-ல் கணக்குப் போட்டார்: அந்தப் புதரில் இரை கிடைக்கும் வேகம் சுற்றுவட்டாரத்தின் சராசரிக்கு இறங்கும்போது. திரையில் பழம் பறிக்கச் சொன்னால் மனிதர்களும் ஏறக்குறைய அப்படித்தான் செய்கிறார்கள் என்று உல்ஃபின் பிற்கால ஆய்வு காட்டியது. மாளிகை அறையில் முதல் எட்டுப் பொருள்கள் மளமளவென்று விழும். பத்துக்கு மேல் ஒன்றும் கிடைக்காது. புதரை விட்டுப் போகவேண்டிய நேரம் அது. அங்கேதான் ஆட்டம் வாசலை மறிக்கிறது: எல்லாம் கிடைத்தால்தான் அடுத்த அறை. கூடவே ஓர் உத்தரவாதமும் தருகிறது, பொருள் நிச்சயம் இங்கே இருக்கிறது என்று. இது சின்ன விஷயமில்லை. பயணப் பைகளில் கத்தி, துப்பாக்கி தேடும் வேலையை ஒத்த ஒரு சோதனையில், பாதிப் படங்களில் இலக்கு இருந்தபோது 7 சதவீதம்தான் தவறியது. நூறில் ஒன்றில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம் தவறியது. இல்லாத ஒன்றைத் தேடித் தேடி அலுத்த கண் சீக்கிரம் கைவிட்டுவிடும். ஆட்டக்காரரின் கண்ணுக்கு அந்த அலுப்பு வர வழியில்லை. அப்படியும் தாங்காவிட்டால் 'ஹிண்ட்' பட்டன் இருக்கிறது. ஒருமுறை அழுத்தினால் மறுபடி நிரம்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் நாமே கண்டுபிடித்துவிடுவதும் உண்டு.

இந்த இடத்தில் 'டோபமைன்' என்று மூளை வேதிப்பொருள் ஒன்றின் பெயரைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் எதிர்பார்த்த பரிசைவிட எதிர்பாராத பரிசுக்குத்தான் அதிகம் துடிக்கின்றன என்று குரங்குகளிடம் நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் கண்டதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நம்பிக்கை வற்றிய பிறகு அகப்படும் பன்னிரண்டாவது பொருள் ஏன் முதல் பொருளைவிட இனிக்கிறது என்பதற்கு இது பொருந்திவருகிறது.

இந்த ஆட்டங்களில் வரும் சாகசக் கதை இதற்குமேல் ஒட்டவைத்த இன்னொரு கொக்கி. கண்டெடுத்த எண்ணெய்க்குப்பி பைக்குள் போகும். மூன்று அறை தள்ளித் துருப்பிடித்த கதவு ஒன்று அதற்காகக் காத்திருக்கும். 1928-ல் உளவியலாளர் மரியா ஓவ்சியாங்கினா, வேலையின் பாதியில் நிறுத்தப்பட்டவர்கள் யாரும் சொல்லாமலே திரும்பப்போய் அதை முடிப்பதைக் காட்டினார். பிக் ஃபிஷ் தன் ஆட்டங்களை 60 நிமிடம் இலவசமாக ஆடவிட்டுப் பிறகு விலை கேட்டது. பாதி திறந்த கதவின் முன்னால் நிற்பவரிடம் கேட்கும் விலை அது. ஆனாலும் ஒருமுறை கொடுத்தால் முடிந்தது.

இன்றைய கைப்பேசி ஆட்டங்களில் கதை வேறு. வூகாவின் 'ஜூன்ஸ் ஜர்னி' போன்றவற்றில் ஒவ்வொரு காட்சிக்கும் 'எனர்ஜி' செலவாகிறது. தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், அல்லது காசு. ஒரே அறையைத் திரும்பத் திரும்ப ஆடவேண்டும், பட்டியல் மட்டும் மாறும். நாலைந்து சுற்றில் எது எங்கே என்று மனப்பாடமாகிவிடுவதால் விரல் பறக்கிறது, மதிப்பெண் ஏறுகிறது. ஆனால் அப்போது கண் தேடுவதை நிறுத்தி வெகுநேரமாகியிருக்கும்.