மல்லிகைப்பூ வைத்துக் கட்டலாமா?

“பிள்ளை பிறந்து நான்காம் நாள். இரண்டு மார்பிலும் பால் கட்டிக்கொண்டு கல்லாக இருக்கிறது. தொட்டாலே உயிர் போகிறது. மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொல்கிறார் அத்தை. கட்டலாமா?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

கட்டாதீர்கள். பூ பலிக்காது என்பதால் அல்ல, பலித்துப் பால் சுரப்பையே குறைத்துவிடும் என்பதால்.

பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன் புரோலாக்டின். கர்ப்பம் முழுவதும் அதன் கையைக் கட்டி வைத்திருந்தது புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன். நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் சரிகிறது. இரண்டு மூன்று நாளில் பால் இறங்குகிறது. பாலோடு இரத்தமும் நிணநீரும் பெருகித் திசுக்கள் வீங்குவதால்தான் இந்த வலி. கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போடுவதால் மிளகாய்தான் வீண்.

புரோலாக்டின் இரு மார்புக்கும் பொது. ஆனால் குழந்தை ஒரு பக்கமே குடித்துப் பழகினால் மறுபக்கம் மட்டும் வற்றுகிறதே, எப்படி? விடை ஆட்டு மடியில் கிடைத்தது. ஸ்காட்லாந்தின் அயர் நகருக்கு அருகே ஹன்னா ஆய்வு நிறுவனம் என்று ஒன்று இருந்தது. ஆட்டின் மடியில் இருப்பவை இரண்டு தனித்தனிச் சுரப்பிகள். ஒன்றை மட்டும் கூடுதல் தடவை கறந்தபோது அந்தப் பக்கம் மட்டுமே பால் கூடியது. தேங்கிய பாலின் அழுத்தம் நீங்கியதுதான் காரணம் என்று நாமாக இருந்தால் அத்தோடு விட்டிருப்போம். அவர்கள் விடவில்லை. பாலைக் கறக்காமல், காம்பு வழியாகச் சர்க்கரைக் கரைசலை ஏற்றி நீர்க்கச் செய்தார்கள். மடி முன்னைவிட நிறைந்திருந்தது. ஆனாலும் சுரப்பு கூடியது! அப்படியானால் ‘போதும், நிறுத்து’ என்ற சேதி பாலிலேயே கரைந்திருக்க வேண்டும். பால் தேங்கத் தேங்க அந்தச் சேதியும் செறிகிறது. குழந்தை குடித்தால் அதுவும் சேர்ந்து வெளியேறுகிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத ஏற்பாடு இது.

பூவின் கதை வேறு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் மல்லிகையை, பால் சுரப்பை நிறுத்தத் தரப்பட்ட புரோமோகிரிப்டின் மருந்தோடு ஒப்பிட்டு 1988-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். புரோலாக்டினை மருந்துதான் அதிகம் குறைத்தது. ஆனால் பால் சுரப்பையும் பால் கட்டிக்கொள்வதையும் குறைப்பதில் இரண்டும் சமமாக நின்றன. குழந்தையை இழந்த தாய்க்கும் பால் இறங்கத்தான் செய்யும், பூ அவளுக்கானது. முழம் போட்டு விற்கும் பொருளை மேற்கொண்டு ஆராய எந்த மருந்து நிறுவனம் பணம் போடும்? அரசுதான் போட வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது குழந்தையின் வாய். பசித்து அழும்போதெல்லாம், இரவிலும், கொடுங்கள். காம்பைச் சுற்றி இறுகிப்போய்க் குழந்தையால் கவ்வ முடியவில்லையா? விரல் நுனிகளைக் காம்பின் அடியில் சுற்றி வைத்து, உள்ளே நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். வீக்கம் பின்வாங்கி இடம் இளகும். கொடுத்தபின் துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம். வலி பொறுக்கவில்லை என்றால் பாராசிட்டமால் சாப்பிடலாம். அழுத்திப் பிசைய வேண்டாம், திசு இன்னும் வீங்கும். பம்ப் வைத்து ஒட்ட எடுக்கவும் வேண்டாம். ஆட்டுக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும், பால் இன்னும் பெருகும்.

காய்ச்சலோடு ஒரு பக்கம் மட்டும் சிவந்து வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.