மெர்ஜ் கமிட்டையும் திறந்து பாருங்கள்

மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கமுள்ள கன்டெய்னர் யார்டுகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுவது எங்கள் வேலை. பெட்டி எத்தனை நாள் கிடந்தது என்பதை வைத்துத்தான் வாடகை. கோடில் ஒரு வரி போனால் மறுநாளே யாரோ ஒருவர் கையைவிட்டுப் பணம் போகும். கோடு மாற்றங்களை ‘கிட்’ என்ற கருவியில் கமிட் கமிட்டாகப் பதிந்து வைக்கிறோம். ஆளுக்கொரு கிளையில், அதாவது தனிப் பிரதியில், வேலை செய்துவிட்டுப் பிறகு ஒன்றாகச் சேர்ப்பதுதான் மெர்ஜ். ஒரே வரிகளை இரண்டு பேரும் மாற்றியிருந்தால் கான்ஃப்ளிக்ட், எதை வைப்பது என்று ஆள்தான் முடிவு செய்ய வேண்டும். புது கோடை வரிவரியாக ரிவ்யூ செய்கிற டீம்கள்கூட, கான்ஃப்ளிக்டை யார் எப்படித் தீர்த்தார்கள் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. கவலைப்பட வேண்டிய இடம் அதுதான்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கஸ்டம்ஸ் தடுத்து வைத்த சரக்குக்கு வாடகை வாங்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் சரக்கு கையாளும் விதிமுறைகளில் இருக்கிறது. அந்த நாட்களைக் கழிக்கும் திருத்தம் மெயின் கிளையில் ஏற்கெனவே சேர்ந்து, பில்லும் சரியாக வந்துகொண்டிருந்தது. இன்னொரு கிளையில் ஒரு தம்பி அதே ஃபங்ஷனை வார வாடகைக்கு மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். அவர் மெயினைத் தன் கிளைக்குள் இழுத்தபோது கான்ஃப்ளிக்ட். ரிலீஸ் அவசரம், தன் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மெயினின் வரிகளைத் தூக்கிவிடும் ‘அக்செப்ட் கரன்ட் சேஞ்ச்’ பொத்தானை எடிட்டரில் அமுக்கிவிட்டார். டெஸ்ட் ஃபைலிலும் அதே பொத்தான். திருத்தத்தைச் சோதிக்கும் வரிகளும் போய்விட்டதால் டெஸ்டுகள் எல்லாம் பச்சை. ரிவ்யூ ஒப்புதல் அதற்கு முன்பே வாங்கியாகிவிட்டது.

ராஜாஜி சாலையிலிருந்து, கஸ்டம்ஸில் சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் ஒருவர் போன் செய்தார்: “என்னம்மா, கஸ்டம்ஸ் புடிச்சு வெச்ச நாளுக்கும் சேத்து வாடகை போட்ருக்கீங்க? போன மாசம் சரியாத்தானே கழிச்சீங்க?”

தேடினால், அந்தத் திருத்தம் நடந்ததற்கான தடயமே இல்லை. ஃபைல் பெயரைக் கொடுத்து, வரலாற்றைக் காட்டும் ‘கிட் லாக்’ கட்டளையைப் போட்டால் அந்த கமிட் பட்டியலிலேயே வரவில்லை. ஒரு ஃபைலின் வரலாற்றைக் கேட்டால் கிட் சுருக்கித்தான் காட்டும். மெர்ஜுக்குப் பிறகு அந்த ஃபைல், சேர்ந்த இரண்டு பக்கங்களின் கடைசி கமிட்டுகளில் (பெற்றோர் கமிட்டுகளில்) ஒன்றில் இருந்தபடியே இருந்தால், அந்தக் கிளை வழியாக மட்டும் பின்னோக்கிப் போகும். மற்றக் கிளையைத் திரும்பியும் பார்க்காது. ‘--ஃபுல்-ஹிஸ்டரி’ சேர்த்த பிறகுதான் கமிட் கண்ணில் பட்டது. மெர்ஜைப் பதியும் மெர்ஜ் கமிட்டை ‘கிட் ஷோ’ கட்டளையில் திறந்தாலும் அந்த ஃபைல் வராது. இரண்டு பக்கத்தில் ஒன்றை அப்படியே எடுத்திருந்தால், அந்தப் பகுதியைக் காட்ட வேண்டாம் என்று கிட் விட்டுவிடும். ஆக, ஒரு பக்கத்தை முழுசாகத் தூக்கிப் போடுவதுதான் மிக மோசமான தீர்வு, அதுதான் வழக்கமான பார்வையில் சுத்தமாக மறைந்தும் போகிறது.

இதற்கு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை என்பதே வருத்தம். 2022 ஏப்ரலில் வந்த கிட் 2.36-இல் ‘--ரீமெர்ஜ்-டிஃப்’ சேர்ந்தது. எலைஜா நியூரன் எழுதிய ‘ஆர்ட்’ மெர்ஜ் முறையை வைத்து, பழைய மெர்ஜை கிட் மறுபடி செய்து பார்க்கிறது. உங்கள் ஃபைல்களைத் தொடாது. தானாகச் செய்தால் என்ன வந்திருக்கும், கமிட்டில் என்ன இருக்கிறது என்ற வித்தியாசத்தை மட்டும் காட்டும். கை வைக்காத சுத்தமான மெர்ஜ் என்றால் ஒன்றும் வராது. எங்கள் கேஸில், ஏழு அம்புக்குறிகளுக்கும் ஏழு சமக்குறிகளுக்கும் நடுவே அந்தத் தம்பியின் வரிகள், அதற்குக் கீழே கஸ்டம்ஸ் நாட்களைக் கழிக்கும் வரிகள். கீழே இருந்தவை எல்லாம் கழித்தல் குறியோடு, சிவப்பில். பார்த்தவுடனே அந்தத் தம்பி, “அய்யோ, இது எதுக்குன்னே தெரியாமத் தூக்கிட்டேன்” என்றார். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? எதற்கு என்று கேட்க ஆளே இல்லாத மாதிரி வேலை முறையை வைத்திருந்தது டீம்தான்.

இப்போது ரிலீசுக்கு முன், போன ரிலீஸைக் குறித்து வைத்த டேகிலிருந்து இன்றுவரை ‘கிட் லாக் --மெர்ஜஸ் --ரீமெர்ஜ்-டிஃப்’ ஓட்டுகிறோம். கான்ஃப்ளிக்ட் வந்தால், யாருடைய வரியைத் தூக்குகிறோமோ அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தீர்க்க வேண்டும். எதை ஏன் விட்டோம் என்று மெர்ஜ் மெசேஜில் இரண்டு வரி எழுத வேண்டும். மெர்ஜ் மெசேஜை வெறுமனே விடுவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

ஸ்குவாஷோ (கிளையின் கமிட்டுகளை ஒன்றாகச் சுருக்குவது) ரீபேஸோ (அவற்றை மெயினின் மேல் மறுபடி எழுதுவது) செய்கிற டீம்களுக்கு இது உதவாது, அங்கே திறந்து பார்க்க மெர்ஜ் கமிட்டே இருக்காது. பழைய கிளையை அழிப்பதற்குள், பழைய கமிட்டுகளையும் புதியவற்றையும் ‘ரேஞ்ச்-டிஃப்’ போட்டு ஒப்பிட்டுவிடுங்கள். ரீபேஸில் ‘அவர்ஸ்’ (நம் பக்கம்), ‘தெய்ர்ஸ்’ (எதிர்ப் பக்கம்) இரண்டும் தலைகீழாகும் என்பதையும் புதியவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கான்ஃப்ளிக்ட் தீர்வுகளை நினைவில் வைக்கும் ‘ரெரெரே’ என்ற கிட் வசதியைப் போட்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். தவறான தீர்வையும் அது நினைவில் வைத்துக்கொண்டு, அதே கான்ஃப்ளிக்ட் வரும்போது தானே போட்டுவிடும். கோடைத் திருத்தினால் மட்டும் போதாது. அடுத்த முறை அதே கான்ஃப்ளிக்ட் தலைகாட்டும்போது, அந்த ஃபைலுக்கு ‘கிட் ரெரெரே ஃபர்கெட்’ கொடுத்துவிட்டுப் புதிதாகத் தீர்த்துவிடுங்கள்.