கெயினைக் கூட்ட எந்த ரெசிஸ்டரைத் தொடுவது?

சுங்கை சிப்புட்டில், கடைவீட்டின் பின்கட்டில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை உண்டு. ஈப்போவில் மின்னணுவியல் படிக்கும் அக்கா மகன் அங்கே ஒரு சோதனை போர்டோடு வந்தான். அதில் இருந்தது ஏடி811 சிப். சிக்னலைப் பெருக்கும் சிப்தான், ஆனால் வழக்கமான ஆப்-ஆம்ப் அல்ல; திரும்பி வரும் மின்னோட்டத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கரண்ட் ஃபீட்பேக் வகை.

போர்டின் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் மடங்கு, 2. "பத்தாக்கணும் மாமா, கணக்குத் தெரியும்" என்றான். அவுட்புட்டிலிருந்து சிப்பின் மைனஸ் இன்புட் காலுக்குத் திரும்பி வரும் ரெசிஸ்டர் ஆர்எஃப், அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்குப் போவது ஆர்ஜி. ஆர்எஃப்-ஐ ஆர்ஜி-யால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் கெயின். இரண்டுமே 649 ஓம். அவன் ஆர்எஃப்-ஐக் கழற்றிவிட்டு 5.6 கிலோ ஓம் பற்றவைத்தான். கெயின் பத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் 120 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட வேண்டிய சிப், 14-ஐத் தொடும்போதே மூச்சு வாங்கியது.

கணக்கில் பிழையில்லை. தொட்ட ரெசிஸ்டர்தான் தப்பு.

சாதாரண ஆப்-ஆம்பின் மைனஸ் கால் மின்னோட்டத்தை வாங்காது, வோல்ட்டேஜை மட்டும் பார்க்கும். அதனால் அங்கே இரண்டு ரெசிஸ்டரும் சேர்ந்து அவுட்புட்டைப் பங்குபோட்டுத் திருப்பி அனுப்பும். கெயினைக் கூட்டினால் திரும்பி வரும் பங்கு குறையும், வேகமும் அதே அளவில் விழும்.

ஏடி811-இன் மைனஸ் காலோ பள்ளமான பெரிய வாய்க்கால் மாதிரி. சிக்னல் நுழையும் ப்ளஸ் காலில் உள்ள வோல்ட்டேஜை, சிப்புக்குள் இருக்கும் பஃபர் என்ற நகலெடுக்கும் சுற்று அங்கேயும் நிறுத்தி வைப்பதால், அந்தக் காலின் தடை சுமார் 14 ஓம்தான். அவுட்புட் அசைந்தால் ஆர்எஃப் வழியாக வரும் கூடுதல் மின்னோட்டம் பெரும்பாலும் அந்தக் காலுக்குள்தான் போகும். ஆர்ஜி பக்கத்தில் ஓடும் சின்னக் கான். மழைத் தண்ணீர் பெரிய வாய்க்காலை விட்டு அங்கே ஏன் போகப் போகிறது? உள்ளே போன மின்னோட்டத்தை நகலெடுத்து வோல்ட்டேஜாக்கித்தான் சிப் தன் அவுட்புட்டைத் திருத்திக்கொள்கிறது. ஆக, திருத்தும் வேகம் ஆர்எஃப் கையில். ஆர்ஜி-யை மாற்றினால் கெயின் மாறும், வேகம் பெரிதாக அசையாது.

சிப்பின் தகவல் தாளைப் பிரித்தோம். கெயின் 10-க்கு ஆர்எஃப் 511 ஓம், ஆர்ஜி 56.2 ஓம். அப்போதும் 100 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். ஆர்எஃப் ஏன் கொஞ்சம் இறங்குகிறது என்றால், மைனஸ் காலின் தடை சுத்தமாகப் பூஜ்யம் இல்லை. கெயின் ஏற ஏற அது குறுக்கே வரும், அதை ஈடுகட்டத்தான். அதற்காக ஆர்எஃப்-ஐ இஷ்டத்துக்குக் குறைத்தால் சிப் தானாகவே ஆசிலேட் ஆகி, இல்லாத சிக்னலை உருவாக்க ஆரம்பித்துவிடும். கெயின் 1-க்குக்கூட வெறும் கம்பியால் இணைக்கக் கூடாது, 750 ஓம் போட்டே ஆக வேண்டும். ஆர்எஃப் மேல் கெப்பாசிட்டர் போடுவதும் அதே ஆபத்துதான், அதிக அலைவெண்ணில் அது கிட்டத்தட்டக் கம்பி.

புது ரெசிஸ்டர்களைப் பற்றவைத்து 100 மில்லிவோல்ட் கொடுத்தோம். "மாமா, அஞ்சு மடங்குதானே காட்டுது?" என்று முகம் சுருங்கினான். சிப் சரியாகத்தான் பெருக்கியது. போர்டின் வெளிவாசலில் 50 ஓம், அளந்து காட்டும் ஸ்கோப்புக்குள் இன்னொரு 50 ஓம். வந்த ஒரு வோல்ட்டில் பாதியை முதல் ரெசிஸ்டரே வாங்கிக்கொண்டது.